ஒரு மணி நேர ஃபேன் சத்தம்

அன்பு மகள் வாலுவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே என் உடம்புக்குக் குறை ஒன்றும் இல்லை, படி ஏறும்போது மட்டும் முழங்கால் தன் கருத்தைச் சொல்கிறது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, கண்ணுக்கு ஓய்வு கொடுத்து, நன்றாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் ஒரு நாள் வேலை முடிந்து பஸ்ஸில் வருகிறேன், காதில் நீ வாங்கிக் கொடுத்த இயர்போன். செடி வளர்ப்பு பற்றி ஒரு பெண் பாட்காஸ்ட் நடத்துகிறாளே, ஜலதோஷம் பிடித்தால் உனக்கு வரும் குரல் அவளுக்கு எப்போதுமே இருக்கும், அவள் கடைசியில், இன்னைக்கு இவ்வளவுதான், நான் கிளம்பறேன், உடம்பைப் பார்த்துக்கோங்க என்றாள். நான், “சரிம்மா, பத்திரமா போயிட்டு வா” என்று சொல்லிவிட்டேன். மனசுக்குள் இல்லை, வாய்விட்டு, அதுவும் காது அடைத்திருந்ததால் டிரைவர் வரைக்கும் கேட்கிற மாதிரி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நர்ஸம்மா, பொண்ணுங்களா என்று கேட்டார். இல்லைங்க, பாட்காஸ்ட் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆமாங்க, வெளியூர்ல வேலை, தினமும் இந்த நேரத்துக்குக் கூப்பிட்டுடுவா என்றேன். பொய் சொன்னவன் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா இல்லையா, உன் ஆபீஸ், உன் அறை, ஜன்னலில் நீ வைத்திருக்கிற தொட்டி வரை எல்லாவற்றையும் சொன்னேன். இந்தக் காலத்துல இப்படி ஒரு பொண்ணு அமையக் கொடுத்து வச்சிருக்கணும் என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார்.

இதோடு போயிற்று என்று பார்த்தால் அவர் தினமும் அதே பஸ். ஏறியவுடனே, பொண்ணு என்ன சொல்றா என்று கேட்கிறார். என்ன சொல்வது, அந்தச் செடிக்காரப் பெண் அன்றைக்கு என்ன சொன்னாளோ அதை நீ சொன்னதாகச் சொல்லிவிடுகிறேன். அவர் வீட்டுச் செடியில் இலை மஞ்சளடிக்கிறதாம், உங்கள் பெண்ணைக் கேளுங்கள் என்றார். தண்ணியைக் குறைக்கச் சொன்னா என்று மறுநாள் சொன்னேன். இப்போது அது துளிர்த்துவிட்டதாம், உனக்கு நன்றி சொல்லச் சொன்னார். ஆகவே இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்.

நீ கேட்கலாம், எழுபது மைல் வேகத்தில் பேசுகிற மனுஷன் பக்கத்தில் இருக்கும்போது உங்களுக்கு எதற்கு பாட்காஸ்ட் என்று. நம்ம கடையில் என் கூடத் தைத்தவன், ரேடியோ என்று கூப்பிடுவோமே, அவன் வேலையை விட்டுவிட்டான். அவன் மாமனார் ஊரில் சொந்தமாக சீட் கவர் கடை போட்டுவிட்டான். காலையில் ஷட்டர் தூக்கியதும் வாயைத் திறந்தால் சாயங்காலம் ஷட்டர் இறக்கும்போதுதான் மூடுவான், நான் எத்தனை நாள் அவனை, கொஞ்சம் மூடுடா, மிஷினுக்கே காது வலிக்குது என்று திட்டியிருக்கிறேன். இப்போது இரண்டு மிஷினில் ஒன்றுக்கு உறை போட்டு மூடிவிட்டோம். முதலாளியம்மா முன்னால் கண்ணாடி அறையில், நான் பின்னால் ரெக்சின் சுருள்களோடு. வீட்டுக்கு வந்தாலும் உன் அம்மா இல்லை. பேரன் கழுத்து நிற்கும் வரை உன் அண்ணன் வீட்டில்தான் இருப்பேன் என்று போனவள், இப்போது அவன் தவழும் வரை என்கிறாள், இப்படியே போனால் அவனைக் கல்லூரியில் சேர்த்துவிட்டுத்தான் வருவாள். கேஸை மூடினீங்களா, கதவைப் பூட்டினீங்களா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாள். அவளுக்கும் பாவம் கை ஒழியவில்லை.

அதனால்தான் நீ போனமுறை வந்தபோது போட்டுக் கொடுத்த ஆப்பைத் திறந்தேன். ஆரம்பத்தில் இந்தக் காலத்து ஆட்கள் எல்லாரும் ஏன் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்கள் மாதிரி பேசுகிறார்கள் என்று ஆச்சரியப்பட்டேன், அப்புறம்தான் தெரிந்தது வேகத்தை இரண்டு மடங்கு வைத்திருக்கிறேன் என்று. ஃபாலோ என்று எங்கே பார்த்தாலும் மரியாதைக்கு ஒரு தட்டு தட்டினேன், கேட்காத எபிசோடெல்லாம் தானாக இறங்கி போன் நிரம்பி, உன் அம்மா அனுப்பிய பேரன் படத்துக்கு இடமில்லாமல் போய்விட்டது. இப்போது தேறிவிட்டேன். புதிதாக ஒன்று கிடைத்தால் ஆரம்பத்தை நம்புவதில்லை, ஆரம்பத்தில் எல்லாரும் நல்லவர்கள், நடுவில் போய்க் கொஞ்சம் கேட்கிறேன், தன் ஜோக்குக்குத் தானே சிரிக்கிறவனை அங்கேயே விட்டுவிடுகிறேன். விருந்தாளியாக வந்தவர் நன்றாகப் பேசினால் அவர் வேறு எங்கெல்லாம் பேசியிருக்கிறார் என்று பெயரைப் போட்டுத் தேடிப் பின்னாலேயே போகிறேன். மிஷினுக்கு, பஸ்ஸுக்கு, அடுப்புக்கு, வாலுவுக்கு என்று நாலு பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன். மிஷின் பட்டியலில் கொலைக் கதை கூடாது என்று பட்டுத் தெரிந்துகொண்டேன். கொலைகாரன் யார் என்று சொல்லப்போகிற நேரத்தில் கார் சீட்டில் தலை சாய்க்கிற இடத்துக்கு மாட்டும் ஒரு தலைக்கவரை நாலு பக்கமும் தைத்து மூடிவிட்டேன். முதலாளியம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “மாஸ்டர், இதை எந்த வழியா மாட்டுறது?” என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வாலு பட்டியல் என்பது உனக்கு அனுப்ப வேண்டியது. அதைப் பற்றி ஒரு விஷயம், கோபித்துக்கொள்ளாதே, நான் கோபமாக எழுதவில்லை. ஆபீஸ் கூட்டத்தில் பேச நடுக்கமாக இருக்கிறது என்று ஒருமுறை சொன்னாயே, அதற்கு ஒரு நல்ல எபிசோட் கிடைத்தது, பேசியவர் முன்பு திக்குவாய்க்காரராம், நான் இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் உனக்கு அனுப்பினேன். அனுப்பினேன் என்று நினைத்தேன். உடனே பதில் போட்டாய், கேட்டேன்பா, ரொம்ப உபயோகமா இருந்துச்சு, தேங்க்ஸ்பா என்று. எனக்குத் தலைகால் புரியவில்லை. சாயங்காலம் பார்த்தால் விரல் தடுக்கிக் கீழே இருந்ததை அனுப்பியிருக்கிறேன். அது ஃபேன் சத்தம். தூக்கம் வர ஒரு மணி நேர ஃபேன் சத்தம், அதில் மனுஷக் குரலே கிடையாது. கூடத்தில் அந்தக் கிழட்டு ஃபேனை மாற்றிப் புதுசு போட்டதிலிருந்து வீடு ஒரேயடியாக அமைதியாகிவிட்டது, அதற்காக நான் சேர்த்து வைத்தது. தனியாக நின்று சிரித்தேன். ரேடியோவுக்குப் போன் போட்டுச் சொன்னேன், அவனும் சிரித்துவிட்டு, “விடு மாஸ்டர், புள்ளைங்க அப்படித்தான், சாப்பாட்டை மூடி வச்சிட்டு நல்லா இருந்துச்சும்பாங்க” என்றான். அப்புறம் அவன் கடைக்கு ஆள் வந்துவிட்டது. அதிலிருந்து உனக்கு எதையும் அனுப்புவதில்லை. பட்டியலில் சேர்ப்பதை மட்டும் விடவில்லை, கை பழகிவிட்டது. உனக்கு நேரம் இல்லை என்பது தெரியாதவனா நான். கேட்கிற காதை வேலைக்குக் கொடுத்துவிட்டு மிச்சம்தானே எங்களுக்கு.

மற்றபடி தெருவில் செய்தி எதுவும் இல்லை. மாடி வீட்டுக்காரர் தண்ணீர் டேங்கை மாற்றினார், அது முதலில் இருந்ததைவிட அதிகம் ஒழுகுகிறது. நீ எந்நேரமும் காதில் மாட்டிக்கொண்டு ரோட்டைக் கடக்காதே, ஒரு காதையாவது திறந்து வை. ராத்திரி லேட்டானால், கூட வேலை செய்கிறவர்களோடு சேர்ந்து வா. சளி பிடித்தால் வெந்நீர் குடி, அந்தச் செடிக்காரப் பெண்ணுக்கும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன், வழி தெரியவில்லை. இதை போனில் தட்டாமல் தாளில் எழுதுவதற்குக் காரணம், இதை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்ட முடியாது பார். பதில் போடும்போது சூப்பர்பா என்று மட்டும் போட்டால் செல்லாது, நாலு பக்கமும் தைத்தது எது என்று எழுது, அப்போதுதான் படித்தாய் என்று நம்புவேன். நீ எடுத்த வேலையில் பெயர் வாங்கி, மனசுக்கு நிம்மதியாக, நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். உன் அம்மா பக்கத்தில் இருந்தால் இன்னும் நாலு வரி ஆசீர்வாதம் சேர்த்திருப்பாள், அவள் பங்கையும் நானே போட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
தையல் மிஷினும் ஒரு காதும் உள்ள உன் அப்பா

பி.கு. ஞாயிற்றுக்கிழமை பேசி முடிக்கும்போது, வேற என்னப்பா என்று கேட்டாய். வேற ஒண்ணும் இல்லைம்மா, வை என்றேன். சாயங்காலம் ஆறு மணிக்கு பஸ்ஸில் இருப்பேன், ஒரு நாள் கூப்பிடேன் என்று வாய் வரை வந்தது.