மோசேசேயின் மாத்திரைகள்

ஹாபாய் தீவுகள்,
ஆகஸ்ட் 11

அன்புள்ள தம்பி செமிசிக்கு,

அண்ணி லுசேயானே எழுதுவது. ஆக்லாந்தில் நீங்களும் ஓஃபாவும் பிள்ளைகளும் கடவுள் காவலில் இருக்க வேண்டும். அடக்கத்துக்கு வர விமானத்தில் இடம் கிடைக்காததை நினைத்து வருந்த வேண்டாம். நீங்கள் அனுப்பிய துணியும் கறி டின்களும் கப்பலில் வந்து சேர்ந்தன. பத்து நாள் காரியம் குறைவில்லாமல் முடிந்தது. நான் அழவே இல்லை என்று உங்கள் அத்தை சொல்லியிருப்பார். உண்மைதான். ஏனென்று எனக்கே தெரியவில்லை.

அண்ணன் மோசேசே எப்படிப் போனார் என்று கேட்டிருந்தீர்கள். காலையில் மீன் பிடித்துத் திரும்பி, எப்போதும் கூடப் படகில் போகும் லாதுவோடு சேர்ந்து படகை மணலில் இழுத்திருக்கிறார். கொஞ்சம் உட்காருகிறேன் என்றாராம். சுகாதார நிலையத்திலிருந்து நான் ஓடிப் போனபோது நாடி இல்லை. அரை மணி நேரம் நெஞ்சை அழுத்தினேன். பிறகு லாதுதான் என் கையைப் பிடித்து நிறுத்தினான்.

மூன்று வருடமாக அவருக்கு இரத்த அழுத்தம் இருந்தது உங்களுக்குத் தெரியும். மாதாமாதம் நானே மாத்திரை எடுத்து வந்து கொடுத்தேன். மற்றவர்களை உட்கார வைத்து, அளந்து பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன். வீட்டில் கருவியைக் கையில் எடுத்தாலே, "இங்க நீ என் பொண்டாட்டி, நர்ஸ் இல்ல" என்று சிரிப்பார். மாத்திரைதான் தீர்ந்துகொண்டு வருகிறதே என்று நானும் விட்டுவிட்டேன். கடைசியாக அளந்தது போன வருடம் செப்டம்பரில்.

காரியம் முடிந்த மறுநாளே வேலைக்குப் போனேன். கறுப்பு உடை, துக்கத்துக்கு இடுப்பில் சுற்றிக் கட்டும் பாய். இருபத்தாறு பேருக்கு அளந்தேன். எல்லோரும் போன பிறகு லாது வந்து உட்கார்ந்தான். இத்தனை வருடத்தில் அவன் அங்கே வந்ததே இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"அவன் மாத்திரையில பாதிய நான்தான் தின்னேன் அக்கா. எனக்கும் தலை சுத்தும், இங்க வரப் பயம். ஒருநாள் அவனுக்கு, ஒருநாள் எனக்குன்னு படகுல வச்சுக் குடுப்பான். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டான்."

கையை நீட்டச் சொல்லி அளந்தேன். நூற்றெண்பத்து நான்கு, நூற்றுப் பத்து. அவன் பெயரைப் பதிவேட்டில் எழுதி, ஒரு மாத மாத்திரையை எடுத்து வைத்தேன். "தினமும் ஒண்ணு. யாருக்கும் குடுக்காத" என்றேன். அவன் அழுதான் போலிருக்கிறது. நான் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அவன்மேல் கோபம் வர வேண்டுமோ என்று யோசித்துப் பார்த்தேன். வரவில்லை. அளக்காமல் கொடுத்தது நான்.

தம்பி, உங்கள் அப்பா ஐம்பத்து மூன்றில் போனார். அண்ணன் நாற்பத்தொன்பதில். உங்களுக்கு நவம்பரில் நாற்பத்தாறு ஆகிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்கும் கடைசிவரை ஒன்றுமில்லைதான். இந்த வாரமே பக்கத்து மருத்துவரிடம் போய்க் கையை நீட்டுங்கள். ஓஃபாவும் கூட வரட்டும்.

பதிலில் எனக்கு ஆறுதல் எழுத வேண்டாம். மருத்துவர் சொல்லும் அந்த இரண்டு எண்களை மட்டும் எழுதி அனுப்புங்கள். கர்த்தர் உங்களை உங்கள் பிள்ளைகளுக்கு விட்டுவைக்கட்டும்.

உங்கள் அண்ணி,
லுசேயானே