சுவரில் முடிகிற நூறு மீட்டர்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம், என் இடது முழங்கை மட்டும் கட்டுப் போட்டுக்கொண்டு சுகமாக இருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன், இவ்வளவு தூரத்திலிருந்து நம்புவதைத் தவிர வேறென்ன செய்ய. அப்பா ஊரிலுள்ள லிஃப்டை எல்லாம் பழுது பார்த்துவிட்டு நம் மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறி வருகிறார். முழங்கைக் கதைக்கு முன்னால் உன் தங்கையின் பள்ளிக்கூடத்தைச் சொல்ல வேண்டும்.

வெட்டுக்கிளி என்று நீதான் அவளுக்குப் பெயர் வைத்தாய், அப்படியேதான் ஓடுகிறாள். இந்த வருடம் பள்ளியில் இளம் வீரர் வளர்ச்சித் திட்டம் என்று ஒன்று. தொடக்க விழாவில் உடல் வளர்ச்சி, மன வளர்ச்சி, தலைமைப் பண்பு எல்லாம் திரையில் வட்டம் வட்டமாகச் சுற்றின. ஓட்டக் காலணி ஒரு அலமாரி நிறைய வந்திருந்தது. பிள்ளைகளுக்குப் போட்டுப் படம் எடுத்தார்கள், எடுத்ததும் கழற்றிப் பூட்டினார்கள். அழுக்காகிவிடுமாம். மைதானத்தில் பாதி ஆசிரியர்களின் கார்களுக்குப் போய்விட்டது. மிச்சத்தில் நூறு மீட்டர் கோடு போட்டதும் இடம் தீர்ந்தது. முடிவுக் கோட்டை ஒட்டிச் சுவர். அந்தச் சுவரில் ‘உன் வேகத்துக்கு எல்லையே இல்லை’ என்று ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கிறார்கள். எழுதியவர் கை நடுங்கவில்லை, எழுத்து நேராக இருக்கிறது.

பள்ளிகளுக்கிடையிலான போட்டியில் பாதி தூரத்துக்கு மேல் இவள்தான் முன்னால் ஓடினாள். கோடு நெருங்கும்போது வேகம் செத்துவிட்டது. மூன்று பேர் தாண்டிப் போனார்கள். விளையாட்டு ஆசிரியர் என்னைக் கூப்பிட்டனுப்பினார், கழுத்தில் விசில், கையில் தேநீர், என்னை உட்காரச் சொல்லவில்லை. கால் இருக்கும்மா, மனசுதான் இல்ல, ஜெயிக்கப் போறோம்னு தெரிஞ்சதும் பயந்துடுறா என்றார். அந்த நோய்க்கு மருந்தாக டை கட்டிய ஒருவரை வரவழைத்துப் பிள்ளைகளைக் கண்ணை மூடி வெற்றியை நினைக்கச் சொன்னார்கள். பாதிப் பேர் தூங்கியிருக்கிறார்கள், அது ஒன்றுதான் உருப்படியாக நடந்தது. வட்டார அணிக்கு ஆள் எடுக்கும் ஓட்டத்தில் கடைசியாக ஒரு வாய்ப்பு, அதிலும் தோற்றால் இவள் இடம் வேறொரு பெண்ணுக்கு என்றும் சொல்லி அனுப்பினார். உன் தங்கை வீட்டுக்கு வந்து ஓட்டச் சட்டையை மடித்துத் தரை துடைக்கும் துணிகளோடு வைத்தாள். இனிமே ஓடல என்றாள்.

அவள் வாளித் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது கேட்டேன், கடைசில ஏன்டி நின்னே என்று. அங்க சுவர் வரும்ல என்றாள். போட்டி நடந்த மைதானத்தில் சுவரே கிடையாது. சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. தினமும் சாயங்காலம் சுவருக்கு முன்னால் நின்று பழகிய கால். நிற்கத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள், அதை மட்டும் ஒழுங்காக. பள்ளிக்குப் போய்ச் சொன்னேன். எல்லாப் பிள்ளைங்களும் அதே சுவர்கிட்டதானே ஓடுது, உங்க பொண்ணு மட்டும் என்ன மகாராணியா என்றார் விசில்காரர். பிறகு மனமிரங்கி, சுவருக்கு மெத்தை அடிக்கப்போவதாகச் சொன்னார். மெத்தையிலும் ஏதாவது எழுதுவார்கள்.

அணிக்கு ஆள் எடுக்கும் நாளன்று சட்டையைத் துவைத்து நானே மாட்டிவிட்டேன். கோட்டைப் பார்க்காதே, அதுக்கும் அந்தப் பக்கம் தள்ளி நான் நிப்பேன், என் மேல வந்து மோது என்றேன். விழுந்துடுவோம்மா என்றாள். விழுந்தா விழறோம், நீ வா என்றேன். சுவரில்லாத அந்தப் போட்டி மைதானத்தில்தான் ஓட்டம், போய் நின்றேன். அந்த இடத்தில் வேறு யாரும் இல்லை. இதுவரை அவள் ஓட்டத்தைப் பக்கவாட்டில்தான் பார்த்திருக்கிறேன். எதிரில் நின்று பார்த்தது அன்றுதான். வாய் திறந்திருந்தது. கண் என் முகத்தில். கோடு எப்போது போனது என்று அவளுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. மோதினாள். இருவரும் உருண்டோம். இரண்டாவது வந்திருக்கிறாள், அணியில் இடம் கிடைத்துவிட்டது. எனக்கு முழங்கை எலும்பில் கீறல். ஓடறது அவ, ஒடிச்சுக்கறது நீயா என்கிறார் உன் அப்பா, ஆனால் தினமும் காய்கறி அவர்தான் நறுக்குகிறார், ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு அளவு.

மறுநாள் பள்ளி வாசலில் பெரிய பேனர். ‘எங்கள் திட்டத்தின் விளைச்சல்.’ அவள் கோட்டைத் தாண்டி வருகிற படம். நான் நின்ற இடத்தை வெட்டிவிட்டு அங்கே பள்ளிச் சின்னத்தை ஒட்டியிருக்கிறார்கள். உன் தங்கை இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பள்ளிச் சின்னத்தின் மேல் விழப் போகிறாள். வாசலில் நின்று பார்த்தேன். வலது கையால் வாயை மூடிக்கொள்ள வேண்டியிருந்தது.

அவள் பேசினால் அறிவுரை சொல்லாதே, அதற்குச் சம்பளத்துக்கு ஆள் இருக்கிறது. கோட்டுக்கு அந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று மட்டும் கேள், அதைச் சொல்லத்தான் காத்திருக்கிறாள். குளிருக்குக் காதை மூடிக்கொள். நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு, எங்கள் ஆசி எப்போதும் உனக்கு உண்டு. நீ ஊருக்கு வரும் அன்று வாசல் கதவுக்கு வெளியே தள்ளித்தான் நிற்பேன், பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வா, ஒரு முழங்கைதான் மிச்சம்.

இப்படிக்கு,
உன் அம்மா