கரண்ட் போன கடைசி எபிசோட்

ஜூலை 1, செவ்வாய்

காலை ஒன்பதுக்கே வேலூர் வெயில் வேலையைக் காட்டிவிட்டது. மாவு அரைத்தாயிற்று. முழங்கால் பரவாயில்லை. மதியம் படுத்தபடியே அந்தக் கொலைத் தொடரில் மிச்சம் இருந்த மூன்று எபிசோடையும் போனில் பார்த்து முடித்தேன்.

மகா மோசம். எட்டு எபிசோட் இழுத்துவிட்டுக் கடைசியில் கொலைகாரன் யார் என்றால், முதல் எபிசோடில் இரண்டு நிமிஷம் வந்து ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தவன். அவன் முகமே எனக்கு ஞாபகம் இல்லை. இது திருப்பம் இல்லை, ஏமாற்று.

இப்போதைய திரில்லர்களில் பிடிக்காதவை:

– எந்த இன்ஸ்பெக்டருக்கும் தூக்கம் வராது. பெண்டாட்டி செத்திருப்பாள், இல்லை விட்டுப் போயிருப்பாள்.
– படம் முழுக்க இருட்டு. குத்து யாருக்கு விழுந்தது என்றே தெரியவில்லை. லைட்டைப் போட்டால் என்ன?
– தோல் பதனிடுகிற டேனரியைக் காட்டுகிறார்கள். ஹீரோ வெள்ளைச் சட்டையோடு உள்ளே போய், மூக்கைக்கூடச் சுளிக்காமல் வெளியே வருகிறார். ஆம்பூரில் பதினாறு வருஷம் ஷூ கம்பெனிக்குப் போனவள் நான். பஸ் டேனரியைத் தாண்டும்போதே கர்ச்சீப் எடுப்போம்.

சாயங்கால சீரியல் வேறு தனிக் கொடுமை. மாமியார் பாயசத்தில் விஷம் வைத்து எட்டு நாள் ஆகிறது. மருமகள் இன்னும் ஸ்பூனைக் கையிலேயே வைத்திருக்கிறாள்.

பேப்பரிலிருந்து தலை தூக்காமல் என் வீட்டுக்காரர்: "இன்னுமா குடிக்கல? பாயசம் கெட்டே போயிருக்கும்."

டவுன் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். எதுவும் லேட்டானால் பொறுக்காது.

ஜூலை 3, வியாழன்

ஆச்சரியம். பழைய சீரியல் ஒன்று கிடைத்தது. யாரோ முழுசாக நெட்டில் போட்டிருக்கிறார்கள். நாங்கள் 'மோட்டார் ரூம் சீரியல்' என்று சொல்வோமே, அது. படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக, நடுவில் கோடு ஓடுகிறது. இருந்தாலும் பட்டன் மாதிரி உருண்டை உருண்டையான எழுத்தில் பேர் வந்ததும் எனக்கு இருபத்துமூன்று வயசு ஆகிவிட்டது.

அப்போது அரசாங்க சேனல் ஒன்றுதான். வாரம் ஒரு நாள், செவ்வாய் ராத்திரி எட்டு மணிக்கு. பதின்மூன்று வாரம். மர வியாபாரி ஒருவன். அவனுடைய கணக்குப்பிள்ளை தோட்டத்து மோட்டார் ரூமில் செத்துக் கிடக்கிறான். கொன்றது புருஷன்தான் என்று பெண்டாட்டிக்குச் சந்தேகம். இன்ஸ்பெக்டர் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்குகிறவர். அதனால்தான் புத்தி வேலை செய்தது.

புதன்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனியில் நான்தான் கதை சொல்வேன். தையல் லைனில் பத்துப் பதினைந்து பெண்கள். என்னைத் தவிர யார் வீட்டிலும் டி.வி. கிடையாது. ஷமீமுக்குப் பக்கத்து மெஷின். டி.வி. வீட்டுக்குள் வரக்கூடாது என்று அவள் புருஷன். டிபன் பாக்ஸைத் திறக்கும் முன்னாலேயே முழங்கையால் இடிப்பாள். "சொல்லுடி ஸ்டெல்லா, இன்னா ஆச்சு?"

ஷூ ஒட்டுகிற சொல்யூஷன் வாசனை, லெமன் சாதம், ஷமீம் கொண்டுவரும் பிரியாணி. எல்லாம் அந்தப் பட்டன் எழுத்துக்குள் இருந்தது.

கடைசி எபிசோட் அன்று எங்கள் தெருவில் மட்டும் கரண்ட் இல்லை. மறுநாள் பதினைந்து முகமும் என்னையே பார்த்தன. 'பார்க்கவில்லை' என்று சொல்ல வாய் வரவில்லை. நானே ஒரு முடிவு கட்டிச் சொன்னேன். புருஷன்தான் கொலைகாரன். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, கதவைக்கூடப் பூட்டாமல், காலையில் முதல் பஸ் ஏறிப் போய்விடுகிறாள். எல்லோரும் கை தட்டினார்கள். ஷமீம் தட்டவில்லை. சாப்பிடாமல் இருந்தாள்.

நிஜ முடிவை நாளைக்குத்தான் பார்க்க வேண்டும்.

ஜூலை 4, வெள்ளி

பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

கொலை செய்தது குடும்ப டாக்டர். புருஷனுக்கு எல்லாம் தெரியும், நண்பனுக்காக வாயைத் திறக்கவில்லையாம். சந்தேகப்பட்ட பெண்டாட்டி ஓடி வந்து அவன் காலில் விழுகிறாள். அவன் தூக்கி நிறுத்துகிறான். புல்லாங்குழல். சுபம்.

சரி, கொலை செய்யவில்லை. ஐந்தாவது எபிசோடில் அவளை அறைந்தானே? ஒன்பதாவதில் ரூமுக்குள் வைத்துப் பூட்டினானே? அது எந்தக் கணக்கில்? அந்த வயசில் எனக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. 'டென்ஷனா போவுது' என்று கதையில் சேர்த்துச் சொன்னேன்.

எழுதிக்கொண்டு இருக்கும்போதே போன். ஷமீம்! யாரிடமோ நம்பர் வாங்கியிருக்கிறாள். ஒரு கல்யாணத்தில் பார்த்துப் பத்து வருஷத்துக்கு மேல் இருக்கும். கழுத்தில் சின்னக் கட்டியாம். செவ்வாய்க்கிழமை வேலூரில் ஆஸ்பத்திரி, மறுநாளும் ஒரு டெஸ்ட். பேரணாம்பட்டிலிருந்து போக வர முடியாது. "உன் வீட்ல ஒரு நாள் தங்கிக்கட்டுமா?"

கேட்க வேண்டுமா இதை.

ஜூலை 8, செவ்வாய்

மேகமூட்டம், மழை இல்லை. ஷமீம் இரண்டு மணிக்கு வந்தாள். ஆஸ்பத்திரி வரிசையில் நின்ற களைப்பு. முடி முக்கால்வாசி வெள்ளை. கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. கட்டியைப் பற்றிக் கேட்டால், "நாளைக்கு ஊசி போட்டு எடுத்துப் பாப்பாங்களாம். அதுக்கு மேல கேக்காத."

என் வீட்டுக்காரர் பெரிய மனசோடு டி.வி.யை எங்களுக்கு விட்டுவிட்டு லாங் பஜார் போனார், வாங்க ஒன்றும் இல்லாமல்.

பாயச சீரியல் பார்த்தோம். ஷமீம் அவர் சொன்னதையே சொன்னாள். "இவ்ளோ நேரம் ஆறவிட்டா யார் குடிப்பா?" சிரித்தேன். அப்புறம் பழைய கதை. லைன் சூப்பர்வைசர், அவருடைய விசில், ஒரு நாள் ஷூவின் மேல்தோலைத் தலைகீழாகத் தைத்துப் பன்னிரண்டு ஜோடி வீணானது.

திடீரென்று சொன்னாள். "உனக்கு ஒண்ணு சொல்லணும்டி. நான் என் புருஷன் வூட்டை வுட்டு வந்தேனே, ஏன்னு நீ கேக்கவேயில்ல."

"நீயா சொல்லுவேன்னு..."

"அந்த மோட்டார் ரூம் சீரியல். அந்தப் பொம்பள கதவைக்கூடப் பூட்டாம போனாள்ல? ஒன்றரை மாசம் அதையே நெனச்சினு இருந்தேன். பூட்டு சாவி தேடுற நேரத்துல மனசு மாறிடும்னுதான் அவ பூட்டல, அப்படின்னு எனக்குள்ளயே சொல்லிக்குவேன். ஒரு நாள் காலைல நானும் பூட்டல. பையனைத் தூக்கினேன், எங்கம்மா வூட்டுக்குப் பேரணாம்பட்டு பஸ் ஏறிட்டேன்."

டீ போடுகிறேன் என்று எழுந்துவிட்டேன்.

அந்த நாளில் அவள் முழங்கைக்கு மேலே கன்றிப்போய் நீலமாக இருக்கும். "மெஷின்ல இடிச்சுக்கினேன்" என்பாள். தையல் மெஷின் அங்கே இடிக்காது. எனக்குத் தெரியும். ஆனால் கேட்கவில்லை.

அந்த முடிவை ஏன் அப்படிக் கட்டினேன்? அவள் கையைப் பார்த்தா? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். சத்தியமாகத் தெரியவில்லை.

ஜூலை 9, புதன்

ஷமீமை டெஸ்டுக்கு உள்ளே அனுப்பிவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். சொல்வதா, விடுவதா. சொன்னால், தன் வாழ்க்கையைத் திருப்பியது என்னுடைய பொய்யா என்று நினைப்பாள். சொல்லாவிட்டால், நெட்டில் கிடக்கிறது, என்றைக்காவது அவளே பார்ப்பாள். அப்போது பக்கத்தில் நான் இருக்க மாட்டேன்.

பக்கத்து நாற்காலியில் ஒருவர் போனில்: "கட்டிலுக்குக் கீழ பாரு, நீலப் பையில... அது இல்ல, இன்னொரு நீலம்..." அரைமணி நேரம். இதைப் படம் எடுத்தால் பார்ப்பேன்.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டதும் சொல்லிவிட்டேன். ஒரே மூச்சில். கரண்ட் போனது, நான் பார்க்காதது, நானே கட்டியது.

ஷமீம் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து முடித்தாள். "அப்ப நிஜத்துல இன்னா ஆச்சு?"

"வேணாம் ஷமீம்."

"போடு."

போட்டேன். அவள் இமைக்காமல் பார்த்தாள். பெண்டாட்டி காலில் விழும் இடம் வந்தது. புல்லாங்குழல். முடிந்தது.

"கொலை பண்ணலன்னா நல்லவனா ஆயிடுவானா?" என்றாள் கடைசியில். கோபம் என்மேல் இல்லை, டி.வி. மேல். "அறைஞ்சானே, அது இன்னா? இதை எழுதினவன் வூட்ல கேக்க ஆள் இல்லியா?"

நான் அழுதுவிட்டேன். "இந்த முடிவைச் சொல்லியிருந்தா நீ அங்கேயே இருந்திருப்பியாடி?"

மடித்த வெற்றிலையைப் பிரித்து மறுபடி மடித்தாள். அவள் எப்போதும் அப்படித்தான், தையல் பிரிந்தால் நூலை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் பேசுவாள்.

"இல்ல. என்னிக்கிருந்தாலும் வந்திருப்பேன். உன் கதையில வந்ததால ஒண்ணும் நான் வரல, அதை ஜாஸ்தியா நெனச்சுக்காத. ஆனா ரெண்டு மூணு வருஷம் லேட்டாயிருக்கும்." வெற்றிலையை வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தாள். "நான் வரும்போது பையனுக்கு வயசு ரெண்டரை. இப்ப கேட்டுப் பாரு, அந்த வூடு எப்படி இருக்கும்னு கூட அவனுக்குத் தெரியாது. ஒரு அடி சத்தம் ஞாபகம் இல்ல. ரெண்டு வருஷம் கழிச்சுன்னா எல்லாம் அவன் மனசுல நின்னிருக்கும்."

என் வீட்டுக்காரர் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம். இரண்டு பேரும் முகத்தைத் துடைத்துக்கொண்டோம். அவர் எங்களைப் பார்த்தார், டி.வி.யைப் பார்த்தார். "பாயசத்தைக் குடிச்சிட்டாளா?"

ஜூலை 10, வியாழன்

ஷமீம் காலையில் கிளம்பினாள். தோசை வேண்டாம் என்றாள், பிறகு மூன்று சாப்பிட்டாள். ரிசல்ட் வர நாலு நாள் ஆகும்.

புதுத் தொடர் ஒன்று ஆரம்பித்தேன். முதல் காட்சியிலேயே தூக்கம் வராத இன்ஸ்பெக்டர். நிறுத்திவிட்டேன்.

ஜூலை 14, திங்கள்

இன்றைக்கு மழை. துணி உள்ளே வருமுன் பாதி நனைந்துவிட்டது.

பதினோரு மணிக்குத் தெரியாத நம்பர். ஷமீம் மகன், ஓசூரிலிருந்து. இதுவரை நான் அவனோடு பேசியதில்லை. என்னைக் 'காலா' என்று கூப்பிட்டான். அம்மாவின் அக்கா தங்கையை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். கணீரென்ற, பயமே தெரியாத குரல்.

"காலா, அம்மாவுக்கு ரிசல்ட் வந்துச்சு. சாதாரணக் கட்டிதானாம், பயப்பட ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் என்று சொல்லி அப்படியே கட்டிலில் உட்கார்ந்தேன்.

"இன்னொண்ணு காலா. உங்க வூட்லருந்து வந்ததுலருந்து அம்மா ஏதோ மோட்டார் ரூம்னு சொல்லிச் சிரிக்குது, கேட்டா சொல்ல மாட்டேங்குது. இன்னா சீரியல் அது?"

சொன்னேன். மர வியாபாரி, கணக்குப்பிள்ளை, நன்றாகத் தூங்குகிற இன்ஸ்பெக்டர். பாதியில் நிறுத்தி நிறுத்தி, கம்பெனியில் சொன்ன மாதிரியே. அவனும் இடையில் "அப்புறம்?" "அய்யோ" என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

"கடைசியில இன்னா ஆச்சு காலா?"

மழைச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்துத் திரும்பவும் கேட்டான்.

"அதை உங்க அம்மா சொல்றதுதான் சரி" என்றேன்.