ஆம்பளை மருந்து

மார்ச் 4
சலவைக்கூடத்தில் நீராவி இயந்திரம் மறுபடி மக்கர். ஓட்டல் விரிப்புகள் மலையாகக் குவிந்து கிடக்க, அரைநாள் விடுப்புக் கேட்டேன். மேற்பார்வையாளர் முகத்தைச் சுளித்தார். சுளிக்கட்டும்.

போன தடவை குழந்தைக்காக அத்தனை ஊசி போட்டும் ஒரே ஒரு கருமுட்டை. அதுவும் தங்கவில்லை. டாக்டரம்மா சொன்னார்: "பொம்பளை உடம்புலயும் ஆண் ஹார்மோன் கொஞ்சம் இருக்கணும்மா. சினைப்பையில முட்டை வளர அதுதான் உரம். உனக்கு ரொம்பக் குறைவு. எல்லாருக்கும் பலிக்கும்னு சொல்ல மாட்டேன், முயற்சி பண்ணலாம்."

தினமும் தொடையில் ஒரு துளி அந்த ஹார்மோன் ஜெல். எனக்கு முப்பத்தொன்பது. இதுதான் கடைசி முயற்சி.

வீட்டில் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "மீசை முளைச்சா கிட்ட வராதே!"

மார்ச் 19
சிரிப்பெல்லாம் போச்சு. தான் வேலை பார்க்கும் கேட் பட்டறையில் உளறியிருக்கிறார். "அப்போ உன் வீட்ல யாருப்பா ஆம்பளை?" என்று வெல்டிங் ஆட்கள் வாரிவிட்டார்களாம். அவர்களிடம் வாயைத் திறக்கவில்லை. இங்கே வந்து முதலில் தட்டு சுவரில். அப்புறம் என் தலை.

காதுக்குள் இன்னும் இரைகிறது.

ஏப்ரல் 6
டியூப் சீக்கிரமே தீர்ந்துவிடுகிறது. ஏன் என்று கேட்டதற்கு ஓர் அறை. நான் துளிதானே பூசுகிறேன்?

ஏப்ரல் 27
பார்த்துவிட்டேன். குளியலறைக் கதவு ஒருக்களித்திருந்தது. தோள், வயிறு எல்லாம் சோப்பு மாதிரி தேய்க்கிறான். என் மருந்தை!

"ஆண் மருந்து ஆம்பளைக்குத்தான்டி. இனிமே பாரு, உன்னால இல்ல, என்னாலதான் புள்ள தங்கும்."

பிடுங்கப் போனேன். என் சுண்டுவிரலைப் பின்பக்கமாக மடக்கினான். முறிந்தது எனக்கே கேட்டது. நானும் சும்மா விடவில்லை. தோளில் கடித்தேன், ரத்தம் வரும்வரை. ஜெல் கசந்தது.

மே 3
என் டியூப் இப்போது சலவைக்கூடத்துப் பெட்டியில், பூட்டுப்போட்டு. அவன் சொந்தமாக வாங்கி அப்பிக்கொள்கிறான்.

"வந்துடுடி, செத்துடுவே" என்று அக்கா போனில் அழுகிறாள். வந்துடலாம். விந்துக்கு எங்கே போவேன்? டாக்டரம்மாவிடமும் சொல்லவில்லை. எதை என்று சொல்வது? வெட்கக்கேடு.

மே 15
கொல்லணும் அவனை. எழுதிட்டேன். அவ்வளவுதான்.

ஜூன் 20
ஆறு! ஒன்றே ஒன்று வந்த இந்த வயிற்றிலிருந்து இன்று ஆறு கருமுட்டை எடுத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் கேட்டது அதைத்தான்.

அவன் கொடுத்த விந்தில் ஓர் அணுகூட இல்லை. மறுபடி கொடுக்கச் சொன்னார்கள். அதிலும் பூஜ்யம்.

"உன் வீட்டுக்காரர் ஏதாவது மருந்து எடுக்கறாரா?" என்றார் டாக்டரம்மா. சொன்னேன். எல்லாவற்றையும். அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு அவனை உள்ளே கூப்பிட்டார். "வெளியிலேர்ந்து அந்த ஹார்மோன் வந்தா, இனி நமக்கு வேலை இல்லைன்னு விதைப்பை விந்தணு உண்டாக்கறதையே நிறுத்திடும். அவளுக்கு உரம், உங்களுக்கு விஷம். ஏங்க இப்படிப் பண்ணீங்க?"

நாற்காலியைத் தூக்கிக் கண்ணாடிக் கதவில் அடித்தான். சில்லு என் கட்டில்வரை தெறித்தது. "நீ ஏன்டி சொல்லல?" என்று கழுத்தைப் பிடித்தான். காவலாளிகள் இருவர் இழுத்தும் கை வரவில்லை. மூன்றாவது ஆள் முழங்கையை முறுக்கியதும்தான் விட்டான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடிவயிறு பிடித்துக்கொள்ளும்வரை சிரித்தேன். அப்புறம் அழுகை.

முட்டைகளை உறையவைத்துவிட்டார்கள். நான் நேராக அக்கா வீட்டுக்கு.

நவம்பர் 8
காலையில் அக்காவுக்கு போன் செய்திருக்கிறான். மருந்தை நிறுத்திவிட்டானாம். சோதித்துப் பார்த்தானாம், விந்தணு எண்ணிக்கை திரும்பிவிட்டதாம். "வரச் சொல்லுங்க, ஒண்ணும் பண்ண மாட்டேன்."

"என்னடி சொல்ல?" என்றாள் அக்கா. நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன்.

கிளினிக்கில், தானமாக வந்த விந்தைச் சேர்க்கச் சம்மதம் எழுதிக் கொடுத்தேன்.

"கணவர் பெயர்?" என்றார் நர்ஸ்.

"இல்லை."

அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த பக்கம் புரட்டினார்.