ம் கொட்டினவள்

என் வாலுக்குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கு அனைவரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் கை போகிறது. பழக்கம். அதை விட்டுவிட்டு எழுதுகிறேன். ஐந்தாவதோடு நின்றவள் கையெழுத்து, கோணலும் மாணலுமாகத்தான் இருக்கும். கேலி செய்யாதே.

உன் அப்பா டி.வி.யைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி வைக்கிறார். குறைங்களேன் என்றால், குறைச்சா வீட்டோட சத்தம் கேக்குது என்கிறார். உன் ஸ்கூட்டரைத் தினம் துடைக்கிறார். துடைத்துத் துடைத்து பெயிண்டே போய்விடும். ஓட்டத் தெரியாத மனுஷன்.

ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைத் துணி மூடிக் கொண்டுவந்த பிறகு உன் ஆவணக் காப்பக ஆபீஸ் இருக்கிற பக்கமே நான் போகவில்லை. பஸ் அந்த வழியாகப் போனால் முந்தின ஸ்டாப்பில் இறங்கிக்கொள்வேன். போன மாதம் உன் அதிகாரி போன் செய்தார். நீ ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்து வந்த பேச்சையெல்லாம், ஜனங்கள் அவரவர் போனிலேயே கேட்கிற மாதிரி வெளியிடப் போகிறார்களாம். அதற்கு முன்னால் நீங்க ஒருதரம் கேக்கணும்மா, உங்க பொண்ணு வேலை இல்லையா என்றார். போனேன்.

வாசலிலேயே தண்ணீர் பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பேனாவும் ஆகாதாம், பென்சில்தானாம். உள்ளே சில்லென்று இருந்தது. கூரை வரை அட்டைப்பெட்டிகள். ஒரு அம்மா பழைய காகிதத்திலிருந்து துருப்பிடித்த குண்டூசியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். குழந்தை காலில் முள் எடுக்கிற மாதிரி அவ்வளவு பதமாக. ஆஸ்பத்திரியில் உனக்கும் இவ்வளவு பதமாகத்தான் ஊசி போட்டிருப்பார்களா என்று நினைத்தேன். நினைப்பு அங்கேதான் போகிறது, என்ன செய்ய.

நீ சொல்வாயே, காகிதம் வச்சிருக்கறவங்க தானா இங்க வந்து சேர்ந்துடுவாங்கம்மா, வாய் மட்டும் வச்சிருக்கறவங்களை நாமதான் தேடிப் போகணும் என்று. ஆற்றுப் பாலத்துக்கு எஞ்சினியர் போட்ட வரைபடம் இருக்கு, சிமெண்ட் மூட்டைக் கணக்கு இருக்கு, திறப்பு விழா மாலைக்குக் கொடுத்த பில்கூட இருக்கு, கல் சுமந்தவங்க பேர் ஒண்ணு இல்லை என்றாய். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, பாலம் நிக்குதில்ல, பேரைத் தெரிஞ்சு என்ன பண்ணப்போறே என்றேன். நிக்குறதாலதான் கேக்குறேன் என்றாய். இன்னொரு நாள், இப்பல்லாம் எல்லாரும் எல்லாத்தையும் போன்ல சேத்து வைக்கிறாங்கம்மா, ஆனா ஒருத்தரும் ஒருத்தர்கிட்ட கேக்குறதில்லை என்றாய். அப்போது ஏதோ மேடைப் பேச்சு பேசுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

உன்னோடு டிபன் பாக்ஸை மாற்றிச் சாப்பிடுவாளே அந்தச் சுருட்டைமுடிக்காரி, அவள்தான் என் காதில் ஹெட்போனை மாட்டினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. பாலத்துக்குக் கல் சுமந்த அக்கா பேசினாள். நீ வீட்டில் எனக்குப் போட்டுக் காட்டிய அதே பேச்சு. ஆனால் ஃபேன் சத்தம் இல்லை, நாய் குரைப்பு இல்லை, கண்ணாடி மாதிரி சுத்தம். சாரம் சரிந்த கதையைச் சொல்லிக்கொண்டே வந்தவள், கேக்குறியாடி, தூங்கிட்டியா என்றாள். அந்த இடத்தில் நீ, ம்... தூங்கினா குறட்டை விடுவேன்க்கா என்பாயே. அது இல்லை. ஒன்றுமே இல்லை. வெறும் காற்று. அந்த வெறுமைக்கு அக்கா தனியாகச் சிரித்தாள். புத்தி பிசகினவள் மாதிரி.

உன்னை எடுத்துவிட்டிருந்தார்கள், வாலு. நீ கொட்டின ஒவ்வொரு ம்-மையும்.

அதிகாரி நல்ல மனிதர்தான். கேட்கிறவர் குரல் குறுக்கே வரக்கூடாது, தலையை மட்டும் ஆட்டணும், அதுதான் இந்த வேலையின் முறை என்று பொறுமையாகச் சொன்னார். இதற்காக நீ இருக்கும்போதே திட்டு வாங்கினது எனக்குத் தெரியாதா? எல்லாம் உன்னாலதாம்மா, சின்னதுல ம் கொட்டலேன்னா கதையைப் பாதியில நிறுத்திடுவே, அந்தப் பழக்கம் எனக்குப் போகமாட்டேங்குது என்று என் மேல் பழி போட்டாய். கண்ணை மூடிக்கிட்டுப் பேசுறவங்களுக்கு நான் தலையாட்டுறது எப்படித் தெரியும் என்றும் கேட்டாய்.

அவ செஞ்ச அசல் பதிவு எங்கே ஐயா என்று கேட்டேன். அது உள்ளே பத்திரமா இருக்கும்மா, யாரும் தொடமாட்டாங்க என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு அதுதான் சுருக்கென்று பட்டது. யாரும் தொடாத இடத்தில்தான் உன்னை ஏற்கெனவே வைத்துவிட்டு வந்திருக்கிறேனே.

எனக்காக இல்லை ஐயா, அந்த அக்கா தனியாச் சிரிக்கிற மாதிரி இருக்கு, அவங்களுக்காகவாவது என் பொண்ணு குரலை விட்டுவைங்க என்றேன். உன்னிடம் சொல்வதற்கென்ன, அது பாதி பொய். எனக்காகத்தான் கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். யோசிச்சுச் சொல்றேம்மா என்றார்.

மாடிப்படியில் சுருட்டைமுடிக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். அவர் ஃபேன் சத்தத்தைத்தான்மா எடுக்கச் சொன்னார், மத்ததை நானே எடுத்தேன், நாள் பூரா காதுக்குள்ள அவ ம் ம்-னு சொல்லிட்டே இருந்தா நான் எப்படி வேலை பார்ப்பேன் என்றாள். அவளை என்ன சொல்வது? போடி பைத்தியமே, அதைத் தேடித்தான் நான் வந்தேன் என்று சொல்லி அவள் மூக்கைத் துடைத்துவிட்டேன்.

அதிகாரி முந்தாநாள் கூப்பிட்டார். உன் ம் எல்லாம் திரும்ப வந்துவிட்டது. வெளியே விடுவதிலும் இருக்கும். அசலைத் திரும்ப முழுசாகக் கேட்டாராம், நீ ம் கொட்டாத இடத்தில் பேசுறவங்களுக்கே பேச்சு ஓடவில்லை என்றார். அதோடு ஒன்று கேட்டார். நீங்களும் வந்து பேசணும், ஆஸ்பத்திரி லாண்டரியில் இத்தனை காலம் துணி வெளுத்த கதையை, உங்க பொண்ணு ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டிருந்தாளே என்றார். நீ கேட்கும்போதெல்லாம், என்கிட்ட என்னடி சரித்திரம் இருக்கு, அழுக்குதான் இருக்கு என்று சிரித்து மழுப்புவேன்.

நேற்று போய் உட்கார்ந்தேன். எதிரே சுருட்டைமுடிக்காரி. தலையை ஆட்டினாள். நான் திணறுவதைப் பார்த்து ம் போட்டாள். பாவம், போலீஸ்காரருக்குப் பதில் சொல்வது போல அவசர அவசரமாக ஒரு ம். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சோப்புக் காரம், நீராவி, கை வெந்தது எல்லாம் சொன்னேன். எங்கள் லாண்டரியில் வெள்ளைத் துணியை மூன்றாக மடித்து ஓரத்தை உள்ளே தள்ளுவோம் என்று சொல்ல வந்தேன். உன்னை மூடியிருந்த துணியில் அந்த மடிப்புத் தடம் இருந்தது. இன்னொரு நாள் வர்றேம்மா என்று எழுந்து வந்துவிட்டேன்.

அதனால்தான் இந்தக் கடிதம். முதலில் உன்னிடம் சொல்லிப் பார்க்கிறேன். உனக்குச் சொல்ல வந்தால் அவர்களுக்கும் சொல்ல வரும். நீ எங்கே இருந்தாலும் குளிரில்லாமல், வலியில்லாமல், நல்லபடியாக இரு, என் கண்ணே.

நான் லாண்டரியில் வேலை கேட்டுப் போன அன்று நீ என் வயிற்றில் இருந்தாய். துணி மலை மாதிரி குவிந்து கிடந்தது. மேஸ்திரி என் வயிற்றைப் பார்த்துவிட்டு, இங்க ஒருத்தருக்குத்தாம்மா வேலை, ரெண்டு பேருக்கு இல்லை என்றான். நான் விடுவேனா? ஒருத்திதான்யா வேலை செய்வா, இன்னொருத்தி சும்மா கேட்டுக்கிட்டு இருப்பா என்றேன்.

கேக்குறியாடி, வாலு?