பாதியில் வராதே

புதூர்நாடு,
14-8-1983

அன்புள்ள பாஞ்சாலைக்கு,

இங்கு நானும் பிள்ளைகளும் சுகம். அங்கே நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன். எட்டாவதோடு பேனாவை விட்டவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

மழை நன்றாகப் பெய்தது. சாமைக் கொல்லையில் களை எடுத்தாயிற்று. சின்னவன் ரங்கனை அக்கா செந்தாமரையோடு பள்ளிக்கூடத்துக்கே அனுப்பிவிடுகிறேன். வாத்தியார் ஒன்றும் சொல்வதில்லை. நீ போன முதல் வாரம் நான் வைத்த குழம்பை அவன் வாயில் வைத்ததுமே துப்பினான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, அதில் உப்பே இல்லை. செந்தாமரைக்கு நான் பின்னும் சடை பள்ளிக்கூடம் போய்ச் சேருவதற்குள் அவிழ்ந்துவிடுகிறதாம். அண்ணன் கண்ணாயிரம் அதைப் பார்த்துவிட்டு, "பொண்டாட்டிய படிக்க அனுப்பிட்டு இவன் சீப்பு புடிச்சிகினு குந்தினு கீறான்" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். நானும் கூடச் சிரித்துவிட்டேன்.

பிள்ளைகளை விட்டு இருக்க முடியவில்லை, பால்வாடி டீச்சர் பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தாயே, அந்தக் கடிதம் திங்கட்கிழமை வந்தது. மறைக்காமல் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுப்பு வேலை தீர்ந்தது என்று அன்றைக்கே வீட்டை மெழுகினேன். பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டினேன். ரங்கன் குதித்தான். செந்தாமரை எழுந்து வாசலுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் கொல்லையிலிருந்து வந்தால் இருவரையும் காணோம். பள்ளிக்கூடத்திலும் இல்லை. ஓடினேன். திருப்பத்தூர் பஸ் நிற்கிற இடத்தில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள் உன் மகள். எட்டு வயசுப் பெண். பயமும் கோபமும் சேர்ந்து கையை ஓங்கிவிட்டேன். அவள் நகரவில்லை.

"அம்மாகிட்ட வர வேணாம்னு சொல்லப் போறேன்பா. அது பாதியில வந்துட்டா, என்னையும் பாதியில நிறுத்திடுவ இல்ல?" என்றாள்.

ஓங்கிய கை இறங்கிவிட்டது. அண்ணன் தன் மகளை நான்காவதோடு நிறுத்தியபோது, பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டியவன் நான். இவள் அதைப் பார்த்திருக்கிறாள் பாஞ்சாலை.

அங்கேயே ஒரு கல்லில் மூவரும் உட்கார்ந்தோம். நீ எதுவரை படிக்கிறாயோ அதுவரை படிக்க வைக்கிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். சொல்லாமல் தம்பியைத் தூக்கிக்கொண்டு வந்தது தப்பு என்றேன். ஒப்புக்கொண்டாள். இனி கை ஓங்கக் கூடாது என்றாள். ஒப்புக்கொண்டேன். பஸ் வந்தது, போனது. நாங்கள் நடந்து வீட்டுக்கு வந்தோம்.

சாயங்காலமே அண்ணனிடம் போய், அவர் மகளை மறுபடி பள்ளிக்கூடம் அனுப்பச் சொன்னேன். பார்க்கலாம் என்றார். சிரிக்கவில்லை.

ஆகையால் நீ வராதே. இன்னும் இரண்டு மாதம்தானே. இப்போது குழம்பில் உப்பு சரியாகவே இருக்கிறது. பிள்ளைகள் உன்னைக் கேட்டால் ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடுகிறேன். என்னைச் சமாளிக்கத்தான் ஆள் இல்லை. அது போகட்டும்.

சாமி புண்ணியத்தில் நீ எல்லாப் பாடத்திலும் தேறி, உடம்பு இளைக்காமல் வந்து சேர வேண்டும். பதிலைக் கொஞ்சம் நீளமாக எழுது. பிள்ளைகளுக்கு ஒரு தரம் படித்துக் காட்டிவிட்டு, அப்புறம் நான் ஒரு தரம் படிப்பேன்.

இப்படிக்கு,
உன் தசரதன்