அடைத்த ஓட்டையும் திறந்த கோப்பும்

இன்று காலை சேர்வர் அறைக் கதவைத் திறந்ததும் சூடேறிய தூசியின் மணம் முகத்தில் அடித்தது. குளிரூட்டி மறுபடி நின்றுபோயிருந்தது. மின்னஞ்சலைப் பார்த்தால், இயங்குதளத்தின் மையமான கேர்னலில் இன்னொரு பாதுகாப்பு ஓட்டை என்று அறிவித்தல். பாதி வாசிக்கும்போதே களைத்துவிட்டேன். அலுமாரிக் கதவின் உட்புறம், இங்கே என்னோடு வேலை செய்த நீர் உம்முடைய கையால் எழுதி ஒட்டிய தாள் இன்னும் இருக்கிறது. "முதல் விளங்கிக்கொள்ளும். பிறகு கை வையும்." என்னுடைய அவசரபுத்திக்காக எழுதியது.

முன்பு இப்படி ஓர் ஓட்டை வந்த முறையும் நான் அந்த அவசரத்தோடுதான் நின்றேன். இந்தச் சின்ன ஆஸ்பத்திரியின் கணினிகளுக்கு அப்போது நாம் இருவர்தான் பொறுப்பு. எந்த நிரல் எதைத் தொடலாம் என்று தீர்மானிக்கிற கேர்னலிலேயே பிழை. சாதாரணக் கணக்கில் நுழைகிற எவரும் ஒரு நிமிடத்தில் றூட் ஆகிவிடலாம் என்றார்கள். றூட் என்றால் எல்லா அதிகாரமும் உள்ள கணக்கு; அதற்கு அந்த இயந்திரத்தில் மறைவே இல்லை. எங்களிடமோ வார்டுத் தாதியிலிருந்து பதிவு மேசை வரை எல்லோருக்கும் ஒரே சேர்வரில் கணக்கு. நோயாளிகளின் கோப்புகளும் அதிலேதான்.

"இப்பவே புதுக் கேர்னலைப் போடுவம்" என்றேன்.

"போட்டா லாப் மெசின் வேலை செய்யாது. அதின்ரை டிரைவர் நிரல் பழைய கேர்னலுக்குத்தான். இரும், முதல் பாப்பம்" என்றீர்.

பழைய உதிரிக் கணினி ஒன்றில் எங்கள் சேர்வரைப்போலவே எல்லாம் நிறுவினீர். சாதாரணக் கணக்கில் நுழைந்து, சோதனை நிரலை ஓட்டினீர். திரையில் சாதாரணக் கணக்கின் டொலர் குறி போய் றூட்டின் குறி வந்து நின்றது. பிறகு கேர்னலின் மூலநிரலை வரிவரியாக வாசித்தீர். எனக்குக் கண் எரிந்தது; நீர் அசையவில்லை. நாங்கள் ஒருநாளும் பயன்படுத்தாத ஒரு வலையமைப்புத் துணைப்பகுதி வழியாகத்தான் அந்தப் பிழையை எட்ட முடியும் என்று கண்டுபிடித்தீர். அது ஏறாதபடி தடுத்துவிட்டு நிரலை மறுபடி ஓட்டினீர். டொலர் குறி அப்படியே நின்றது.

"இது மருந்தில்லை. கட்டு. லாப் மெசின் மாறுமட்டும் தாங்கும்" என்றீர்.

சேர்வரை நிறுத்தித் தொடங்க வேண்டியிருந்தது. அன்று கிளினிக் நாள். "இண்டைக்கோ பிள்ளை?" என்று வைத்திய அத்தியட்சகர் தலையில் கை வைத்தார். "ஓம் டொக்டர். நாளைவரைக்கும் பொறுக்க ஏலாது" என்றீர். நோயாளிகளின் துண்டுகளைக் கையால் எழுதினார்கள். வரிசை வாசலுக்கு வெளியே போயிற்று. வட்டுக்கோட்டையிலிருந்து விடியவே பஸ் ஏறி வந்த ஒரு பெரியவர் சத்தம் போட்டபோது, நான் அறைக்குள் ஒளிந்துகொண்டேன். நீர் வெளியே போனீர். "ஐயா, உங்கடை வருத்தம் என்னவெண்டு கண்டவனெல்லாம் வாசிக்காமலிருக்கத்தான் இந்த மினக்கேடு" என்றீர். அவர் அமர்ந்துவிட்டார்.

மத்தியானத்துக்குள் எல்லாம் சரியாயிற்று. யாராவது முன்னமே நுழைந்திருக்கிறார்களா என்று பதிவேடுகளைத் தேடினோம். அப்படி ஒரு தடயமும் கிடைக்கவில்லை. கணினியை மூடும்போது, "றூட் வைச்சிருக்கிற எங்கள் ரெண்டு பேருக்கும் எல்லாம் திறந்துதான் கிடக்கு. அந்த ஓட்டையை அடைக்க ஒரு பட்சும் வராது" என்றீர். நான் சிரித்தேன்.

சில மாதங்களில் நீர் மெலியத் தொடங்கினீர். சண்டிலிப்பாயிலிருந்து சைக்கிளில் வருகிறவர் பஸ்ஸில் வந்தீர். செவ்வாய் தோறும் லீவு. கேட்டேன். "வயித்துக்குள்ளை ஏதோ. ஒண்டுமில்லை" என்று வேறு கதை எடுத்தீர். எனக்குப் பயம் பிடித்துவிட்டது. ஒருநாள் நீர் வராதபோது, றூட்டாக நுழைந்து உம்முடைய கோப்பைத் திறந்தேன். முதல் வரியிலேயே அந்தச் சொல் இருந்தது.

மறுநாள், யார் எந்தக் கோப்பைத் திறந்தார் என்ற பதிவேட்டை வழமைபோல் பார்த்துக்கொண்டிருந்தீர். திரும்பாமலே கேட்டீர்.

"நீர் பாத்தனீரோ?"

"ஓம்."

"கேட்டிருக்கலாமே."

"கேட்டனான்தானே! நீர்தானே மறைச்சனீர்?" கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"இன்னொருக்காக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பன். என்ரை அம்மாவுக்கே இன்னும் தெரியாது. முதல் ஆளா உமக்கு நான் சொல்லவெண்டு இருந்தனான். அதை எடுத்துப்போட்டீர்."



அந்தக் கிழமையே, நாங்கள் திறக்கிற கோப்புகளின் பெயர்கள் நேரே அத்தியட்சகருக்குப் போகும்படி, நாங்கள் அழிக்க முடியாதபடி, வேறொரு கணினியில் பதியச் செய்தீர். தண்டனையா என்று கேட்டேன். "எனக்கும்தானே சேத்துப் போட்டிருக்கிறன்" என்றீர். அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமைகளில் பெரியாஸ்பத்திரிச் சிகிச்சைக்கு உம்மோடு வர என்னை விட்டீர். பஸ் யன்னலோரம் நீர் தலை சாய்த்திருக்க, பையை நான் வைத்திருப்பேன். வருத்தத்தைப் பற்றி நீர் சொன்னதை மட்டும் கேட்டேன். அம்மாவிடம் நீர் சொன்ன நாளில் அடுப்படி வாசலில் நின்றேன். அந்த மழைகாலம் முடியமுன் போய்விட்டீர்.

இன்றைய ஓட்டையையும் உதிரிக் கணினியில் ஓட்டிப் பார்த்தேன். வழியைக் கண்டுபிடிக்கப் பின்னேரமாயிற்று. நாளை மீண்டும் துண்டெழுதச் சொல்லி, மீண்டும் ஏச்சு வாங்க வேண்டும். இம்முறை வாசலுக்கு நானே போவேன். உம்முடைய இடத்துக்கு இன்னும் ஒருவரும் வரவில்லை.

பதிவு மேசையில் இருக்கிற அக்கா இந்தக் கிழமை முழுக்கக் கண் வீங்கித்தான் வேலைக்கு வந்தார். நேற்று எங்கள் லாப்பிலேயே பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்ததையும் கண்டேன். அதன் முடிவு இந்தச் சேர்வரில்தான், என் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மத்தியானம் அவரிடம் போய் "என்னக்கா, சுகமில்லையோ?" என்றேன். "ஒண்டுமில்லைப் பிள்ளை" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீட்டுக்குப் போகமுன் சேர்வர் அறையைப் பூட்டிவிட்டு, மறுபடி அவர் மேசைக்குப் போனேன். கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் இருந்தேன். இன்னொருமுறை கேட்டேன்.